வெள்ளை மணலுக்கு அடியில் கறுப்பு மண்: ஒரு பவளத்தீவுத் தோட்டத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பார்த்த வைத்தியம்

பின்னணி

கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரைச் சேர்ந்த இளைஞர் அவர். தோட்டக்கலையில் டிப்ளமோ முடித்துவிட்டு, விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டில் மூன்று ஆண்டுகள் தோட்டம் பார்த்தார். நல்ல கைராசிக்காரர். அங்கே தங்க வந்த ஒருவர் மூலமாக மாலத்தீவில் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. ஒரு ஜனவரி மாதம் கிளம்பிப் போனார். அவருடைய அப்பா என் சிநேகிதர். அந்த முறையில் நான் அவருக்குச் சித்தப்பா. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், "செடிக்கு ஏதாச்சும்னா சித்தப்பாவைக் கேளு" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பியிருந்தார்கள்.

அவர் கேட்டார். நான் சொன்னேன். முதல் இரண்டு மாதம் நான் சொன்னதில் பெரும்பகுதி தவறு. அதை எழுதி வைத்தால் வெளியூர் மண்ணுக்குப் போனில் யோசனை சொல்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர், தீவின் பெயர், விடுதியின் பெயர் எதையும் சொல்லவில்லை.

தவறு ஏன் நடந்தது என்று புரிய, முதலில் எங்கள் மண்ணைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் பல இடங்களில் ஒரு அடி, இரண்டு அடி தோண்டினாலே கடப்பாறை செம்புறாங்கல்லில் தட்டும். மேலே இருப்பது செம்மண், சரளை. சிவப்பு நிறம் முழுக்க இரும்புத் துரு. மழை பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டதால் மண் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். பாஸ்பரஸ் போட்டால் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "சுண்ணாம்பு போடுங்கள், சாம்பல் போடுங்கள்" என்று சொல்லிச் சொல்லியே என் வேலை நாட்களில் பாதி போயிற்று. கைப்பழக்கம் என்றால் அதுதான்.

அவர் போன இடம் இதற்கு நேர் எதிர். மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள், 26 பவளத்தீவு வட்டங்களாகக் கிடக்கின்றன. 'அட்டோல்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே அவர்களுடைய திவேகி மொழியிலிருந்து போனதுதான். நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நாடு முழுவதும் தேடினாலும் இயற்கையான மேடு என்று இரண்டரை மீட்டரைத் தாண்டி எதுவும் இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை அதைவிட உயரம்.

மலை இல்லை, ஆறு இல்லை, பாறை இல்லை. எரிமலை ஒன்று மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்து வட்டமாக நின்றது என்று சார்லஸ் டார்வின் 1842இல் விளக்கினார். அந்த வட்டத்தின் மேல் அலை ஒதுக்கிய பவளத்தூள், சிப்பித்தூள், சுண்ணாம்பு படியும் பாசியின் துணுக்குகள், கிளிமீன் பவளத்தைக் கொறித்துக் கழித்த மணல், இவ்வளவுதான் தீவு. மண் என்றால் பாறை நைந்து உண்டாவது என்று படித்து வளர்ந்தவன் நான். அங்கே நைவதற்குப் பாறையே கிடையாது.

அவர் இருந்த தீவு நீளவாக்கில் ஏறக்குறைய 600 மீட்டர், அகலம் 250 மீட்டர். கரையோரமாகவே நடந்தால் அரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம் என்றார்.

முதல் படங்களும் முதல் யோசனையும்

பிப்ரவரி முதல் வாரம் படங்கள் வந்தன. கத்தரி, மிளகாய், செம்பருத்தி, இட்லிப்பூ. எல்லாவற்றிலும் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. இரும்புச் சத்து இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். சில படங்களில் பழைய இலைகளின் ஓரம் காய்ந்து பழுப்பாக இருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்பதற்கு முன்பே அவர் ஒரு வேலை செய்திருந்தார். ஊரில் பழகியபடி, சமையலறை அடுப்புச் சாம்பலை வாரத்துக்கு ஒரு முறை செடி அடியில் தூவி வந்தார். ஊரில் அது சரி. அங்கே அது ஏற்கெனவே காரமான மண்ணில் இன்னும் காரத்தைக் கொட்டுவது. நிறுத்தச் சொன்னேன். அது ஒன்றுதான் அந்த வாரம் நான் சரியாகச் சொன்னது.

அடுத்து, இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு வீடு இடித்த இடத்தில் வைத்த கறிவேப்பிலைக்கு அதைக் கொடுத்துப் பச்சை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் கழித்து அவர் படம் அனுப்பினார். செடி அப்படியே மஞ்சள். செடியைச் சுற்றி வெள்ளை மணலில் ஒரு காவிநிற வட்டம். கொடுத்த இரும்பு முழுவதும் துருவாகி மணலின் மேலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. பார்க்க எங்கள் ஊர்ச் செம்மண்ணைக் கொஞ்சம் தூவியது போலத்தான் இருந்தது. வேருக்கு ஒரு துளிகூடப் போகவில்லை.

"அப்போ கந்தகம் போட்டு மண்ணை அமிலமாக்கிடலாமா சித்தப்பா?" என்று அவரே கேட்டார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு சதுர மீட்டர், அரை அடி ஆழம் என்றால் சுமார் 170 கிலோ மணல். பவள மணலில் பத்தில் ஒன்பது பங்கு சுண்ணாம்பு என்று வைத்தால் 150 கிலோ. ஒரு கிலோ கந்தகம் அமிலமாக மாறினால் ஏறக்குறைய மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் கரைக்கும். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ மூட்டை ஒன்று. அதைப் போட்டு முடித்தால் சுண்ணாம்பு கரைந்து, செடி நிற்க மண்ணே இருக்காது. கணக்கைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கணக்குதான் எனக்கு முதல் அடி. நான் 'கொஞ்சம் சுண்ணாம்பு கலந்த மண்' என்று மனசில் வைத்திருந்தேன். அது மண் கலந்த சுண்ணாம்புகூட இல்லை, வெறும் சுண்ணாம்பு.

எலுமிச்சைச் சாறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசினோம். ஒரு கரண்டி மணலை வெள்ளைத் தட்டில் வைத்து எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னேன். பிழிந்ததும் சோடா மூடியைத் திறந்தது போலப் பொங்கி நுரைத்தது. இங்கே நான் வாசலிலிருந்து ஒரு பிடி செம்மண் எடுத்து அதே போலப் பிழிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, ஈரமானது, அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அப்பத்தா எழுந்து போய், பின்கட்டுச் சுவரில் பெயர்ந்து தொங்கிய பழைய பூச்சில் ஒரு துண்டை எடுத்து வந்தார். சிப்பிச் சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்துப் பூசிய, கண்ணாடி போல மின்னும் அந்தக் காலத்துப் பூச்சு. "இதுல பிழிஞ்சு பாரு" என்றார். பிழிந்தேன். அதே பொங்கல், அதே நுரை.

சிப்பியைச் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் நீற்றுச் சுண்ணாம்பு, பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சிப்பியாக இருந்த பொருளாகவே அது இறுகிவிடும். பவளமும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதாவது இந்தப் பையன் கத்தரிக்காய் வைத்திருப்பது எங்கள் வீட்டுச் சுவரை இடித்துப் பொடித்த தூளில். முப்பது ஆண்டு படித்ததும் பார்த்ததும் சொல்லாததை அந்தச் சுவர்த் துண்டு சொல்லிவிட்டது.

"ரெண்டு சாக்குச் செம்மண்ணைக் கப்பல்ல அனுப்பிடலாமே" என்பது அப்பத்தாவின் அடுத்த யோசனை. நியாயமான யோசனைதான், இரும்பு வேண்டும், இரும்பு இங்கே கொட்டிக் கிடக்கிறது. ஆனால் மண்ணோடு பூச்சி, பூஞ்சாணம், களை விதை எல்லாம் போகும். அதனால் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளில் எந்த நாடும் மண்ணைச் சும்மா உள்ளே விடாது. அங்கிருந்து மாதிரியை இங்கே கொண்டுவருவதையும் நான் கேட்கவில்லை. பவளத்தை எடுத்துப் போவதற்கு அங்கே சட்டத்தில் தடை இருக்கிறது. இருக்கிற இடத்தில் வைத்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம். மண் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் மீட்டர் ஒன்றும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் அவர் வாங்கிக்கொண்டார்.

குழி

இலையைப் பார்த்தது போதும், குழி வெட்டு என்று சொன்னது மார்ச் மாதம்தான். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டத்தின் நடுவில் இரண்டு அடிக்கு இரண்டு அடி. பக்கச் சுவரில் டேப்பைத் தொங்கவிட்டு ஒவ்வொரு சாணுக்கும் படம் எடுத்தார். மேலே 25 சென்டிமீட்டர் பளீரென்ற வெள்ளை மணல், பிஎச் 8.6. ஒரு வேர்கூட இல்லை. அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்டது போல நிறம் மாறியது. சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு அடுக்கு, ஒரு சாண் கனம்கூட இல்லை, 12 சென்டிமீட்டர். பழைய வேர்த்துண்டுகள், மக்கிய தென்னை நார், நத்தைக் கூடு. கையில் பிடித்தால் உதிராமல் உருண்டை பிடித்தது. "மழை பெஞ்ச வாசம் அடிக்குது சித்தப்பா" என்றார். பிஎச் 7.8. அதற்குக் கீழே மறுபடியும் வெளிர் மஞ்சள் மணல், பவளத் துண்டுகள், 70 சென்டிமீட்டரில் மணல் ஒட்டிப் பலகை போல இறுகிய ஒரு படலம். அதை உடைத்துக் கீழே போனால் 130 சென்டிமீட்டரில் தண்ணீர்.

அந்தக் கறுப்பு அடுக்குதான் தீவின் உண்மையான மண். பவளத்தீவில் சத்தைப் பிடித்து வைக்கக் களிமண் கிடையாது. பொட்டாஷோ, இரும்போ, தண்ணீரோ, எதைப் பிடித்து வைப்பதானாலும் மக்கிய இலைதழைதான் பிடிக்க வேண்டும். தென்னை, பூவரசு, புன்னை, தாழை இவற்றின் சருகு நூற்றாண்டுக் கணக்கில் விழுந்து மக்கி அரைச் சாண் சேர்ந்திருக்கிறது. அதைத்தான் விடுதி கட்டும்போது மேலே மணலைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். தீவை ஒட்டிய ஆழங்குறைந்த கடலான களப்பிலிருந்து தூர் வாரிய வெள்ளை மணலைக் கொண்டுவந்து பரப்பி, கடற்கரை போலத் தெரிய வேண்டும் என்று சமப்படுத்தியிருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு வெள்ளை மணல்தானே பிடிக்கும். போதாததற்குத் தினமும் காலையில் விழுந்த இலையை எல்லாம் பெருக்கி எரித்தும் வந்தார்கள். கடல் தெரியட்டும் என்று கரையோரப் புதரையும் பாதி தூரத்துக்கு வெட்டியிருந்தார்கள். அந்தப் புதர்தான் உப்புக் காற்றை முதலில் வாங்கித் தடுப்பது.

ஆக, மண்ணை உண்டாக்கும் மூன்று வேலைகளையும் நிறுத்திவிட்டு, மண் சரியில்லை என்று எனக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

தீவின் நடுவில் விடுதிக்குச் சொந்தமில்லாத இடத்தில் சில பெரிய மரங்கள் நின்றன. வெளிறிய பட்டை, தடித்த அடிமரம், அகன்ற இலை, மேலே கடற்பறவைக் கூட்டம். வீடியோவில் காட்டியபோது அப்பத்தா, "நம்ம வீட்டு லெச்சக்கெட்ட கீரை மாதிரில்ல இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார். நாம் வீட்டு வாசலில் கூட்டுக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் வளர்க்கும் வெளிர்மஞ்சள் இலைக் கீரை மரத்தின் இனம்தான் அது. இந்து மாக்கடலிலும் பசிபிக்கிலும் பறவைகள் அடையும் பவளத்தீவுகளில் காடாகவே நிற்கும். அதன் விதைக்காய் பிசுபிசுவென்று பறவை இறகில் ஒட்டித் தீவு தீவாகப் பரவும். அந்த மரத்தடியில் பறவை எச்சமும் சருகும் சேர்ந்து, மண் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். எச்சத்திலுள்ள பாஸ்பேட் மழையில் கீழே இறங்கிச் சுண்ணாம்போடு சேர்ந்து பழுப்பு நிறப் பாறையாகவே இறுகுவதும் உண்டு. மார்ஷல் தீவுகளில் மண் ஆய்வு செய்தவர்கள் இதற்கு 'ஜெமோ' மண் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

விடுதி மேலாளர் உடனே சொன்னது, அந்த மரத்தடி மண்ணை நாலு வண்டி வெட்டி வந்துவிடலாம் என்று. வேண்டாம் என்று நானும் பையனும் உறுதியாக நின்றோம். ஒரு சாண் மண்ணை வெட்டினால் அந்த மரத்துக்கு வேறு கதி கிடையாது. தவிர, நம் காலடியிலேயே அரைச் சாண் புதைந்து கிடக்கும்போது அடுத்த இடத்தை ஏன் சுரண்ட வேண்டும்?

கிணறு

இலை ஓரம் காய்ந்ததை நான் தட்டிக்கழித்தேன் என்றேனே, அதன் பதில் கிணற்றில் இருந்தது.

சிறிய பவளத்தீவில் மழைநீர் மணலில் இறங்கி, கீழே பரவியிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கொஞ்சம் லேசு, கடல்நீர் கொஞ்சம் கனம், அந்த வித்தியாசம்தான் பிடிமானம். கணக்குப்படி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு பங்கு இருந்தால் கீழே நாற்பது பங்கு நன்னீர் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையே திருப்பிப் போட்டால், மேலே ஐந்து சென்டிமீட்டர் இறைத்து இறக்கினால், கடைசியில் கீழிருந்து உப்புநீர் இரண்டு மீட்டர் ஏறி நிற்கும். நிஜத்தில் வில்லை கணக்கைவிட மெல்லியது, அலையேற்றம் அதை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்டிக் கலக்கிக்கொண்டே இருக்கும். தீவின் அகலம் சில நூறு மீட்டருக்குக் குறைந்தால் வில்லை நிலைப்பதே சிரமம்.

கயிற்றில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, காலை, மதியம், மாலை கிணற்றில் இறக்கிப் பார்க்கச் சொன்னேன். நோட்டில் எழுதினார். மழையே இல்லாத நாளில் நீர்மட்டம் ஏறி இறங்கியது. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடல் மூச்சு விடுவது கிணற்றில் தெரிந்தது.

டிடிஎஸ் அளவு அவர் மீட்டர் வாங்கிய நாளில் 900. மூன்று வாரத்தில் 2,400. ஏனென்றால் செடி வாடுகிறது, வாடுகிறது என்று அவர் மோட்டாரை அதிகம் ஓட்டினார். மோட்டாரின் உறிஞ்சுகுழாய் கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிணறு என்றால் அடியில்தான் வால்வு போடுவது என்பது நம் பழக்கம். அங்கே அடியில் இருப்பது உப்பு. காய்ந்த செடிக்கு உப்புத் தண்ணீரை ஊற்றி, அது மேலும் காய்ந்ததும் மேலும் ஊற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் எனக்கு உறைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, தை மாதம் பூமி குளிர்ந்திருக்கும் என்பது நம் கணக்கு. அங்கே மழை முக்கியமாகத் தென்மேற்குப் பருவத்தில். ஜனவரி முதல் மார்ச் வரைதான் அவர்களுக்கு வறண்ட காலம். பையன் போய் இறங்கியதே வறட்சி தொடங்கிய வாரத்தில்.

அந்தத் தீவுக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டுக் கிணற்றில், நீளக் கழியின் முனையில் கட்டிய டப்பாவால் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு எடுப்பதைப் பையன் படம் பிடித்து அனுப்பினார். அவர் கிணற்றில் டிடிஎஸ் 600. இரண்டு கிணற்றுக்கும் இடையில் எழுபது தப்படிதான்.

எடுத்த முடிவுகள்

மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் வைத்துப் பேசி முடிவு செய்தோம். முதலில் தண்ணீர். உறிஞ்சுகுழாயை மேலே தூக்கி, ஒரு பிளாஸ்டிக் கேனில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே மட்டும் இழுக்கும்படி கட்டினார். பத்து நிமிடம் ஓட்டுவது, ஒரு மணி நேரம் விடுவது. டிடிஎஸ் 1,500ஐத் தாண்டினால் அன்றைக்கு மோட்டாரே கிடையாது. விடுதியின் கூரைத் தண்ணீர் நேரே மணலில் விழுந்து கொண்டிருந்தது, அதைத் தொட்டிக்குத் திருப்பினார்கள். ஊருணித் தண்ணீரைக் குடிக்க மட்டும் என்று கட்டிக் காத்த ஊர்க்காரருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

மண்ணுக்கு, தோட்டம் முழுவதையும் திருத்தும் எண்ணத்தையே விட்டோம். எட்டுப் பாத்தி மட்டும். ஒவ்வொன்றிலும் மேல் வெள்ளை மணலை வழித்து ஓரத்தில் கரையாகப் போட்டு, புதைந்திருந்த கறுப்பு அடுக்கை மேலே கொண்டுவந்து, அதற்குக் கீழே தென்னை உரிமட்டையை அடுக்கினார். மட்டை ஈரத்தைப் பிடிக்கும், பொட்டாஷும் கொடுக்கும். சமையலறைக் கழிவு, சருகு, கடல்பாசியை மழைத்தண்ணீரில் அலசிப் போட்ட மக்கு, எல்லாம் மேலே. இலையை எரிப்பதை நிறுத்த மேலாளரிடம் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. பாத்திகள் விருந்தாளிகள் நடக்கும் பாதையிலிருந்து தள்ளி இருந்ததால் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

இந்த யோசனை எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பசிபிக்கில் கிரிபாட்டி தீவுகளில், நன்னீர் தட்டும் வரை குழி வெட்டி, இலைதழையை மக்கவிட்டு அதில் சேம்பு இனக் கிழங்கைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். குழியும் சருகும்தான் பவளத்தீவு விவசாயம்.

இரும்புக்கு இரண்டு வழி. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், மாலையில் இலையில் தெளிப்பு. இலையில் விழுந்த இரும்பு அந்த இலையோடு நின்றுவிடும், புதுத்தளிருக்கு நகராது என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வேருக்கு ஈடிடிஎச்ஏ என்ற பிடிப்பானில் கட்டிய இரும்பு, செடிக்குச் சில கிராம். கடையில் ஈடிடிஏ என்ற மலிவுச் சரக்கும் கொடுத்தார்கள், பேர் ஒன்று போலத்தான் இருக்கும். அது கார மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும். வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வைத்தேன்.

யூரியாவை மறுத்தோம். மணலில் போட்டது அடுத்த மழையில் நேரே வில்லைக்கு இறங்கும். அதே வில்லையிலிருந்துதான் அக்கம்பக்கத்து வீடுகள் தண்ணீர் எடுக்கின்றன. அங்கிருந்து கசிந்தால் பவளத்திட்டில் பாசி படரும்.

கரையோரப் புதரை மறுபடி வளரவிடுவது பற்றி மேலாளர் பிடி கொடுக்கவில்லை. தோட்டத்துக்கு நேராக உள்ள பதினைந்து மீட்டர் மட்டும் விட்டுத்தர முடியும் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டோம்.

அப்புறம் நடந்தது

மே மாதம் மழை பிடித்தது. ஜூன் நடுவில் டிடிஎஸ் 500க்கு வந்தது. பாத்தியில் முளைக்கீரை, பூசணி, முருங்கை மூன்றும் ஏமாற்றவில்லை. கத்தரி முதலில் தயங்கி, ஆகஸ்டில் காய்த்தது. தளிர் பச்சையாக வந்த படத்தை அவர் அனுப்பியபோது இரவு பதினொன்றரை மணி. மிளகாய் சாக்குப்பையில் கழுவிய தென்னை நார்க்கழிவிலும் மக்கிலும் வைத்ததில் மட்டும் வந்தது, பாத்தியில் குட்டையாகவே நின்றது. பீன்ஸ் இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் போயிற்று, அது உப்பைச் சகிக்கவே சகிக்காது. தக்காளி பூத்துக் கொட்டியது. அப்பத்தா வாரா வாரம் கேட்ட மல்லிகை கடைசி வரை வரவில்லை.

புல்வெளி விடுதிக்காரர்களின் ஆசை. பாதியைக் கைவிட்டு, மீதியில் கரையோரத்திலேயே தானாக முளைக்கும் அடம்பங்கொடியை விடச் சொன்னோம். அது இளஞ்சிவப்பாகப் பூத்ததும் அதையே படம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு பின்னடைவும் சொல்ல வேண்டும். அக்டோபரில் விருந்தாளிகள் பருவம் தொடங்கும் முன் விடுதியில் இன்னொரு சுற்று வெள்ளை மணல் கொட்டினார்கள். பையன் விடுப்பில் ஊருக்கு வந்திருந்த வாரம் அது. திரும்பிப் போனபோது எட்டில் மூன்று பாத்தி மணலுக்கு அடியில். பாத்திகளைச் சுற்றி ஒரு கல் வரிசைகூட வைக்காமல் விட்டது எங்கள் குறை. வேலையாட்களுக்கு அது தோட்டம் என்றே தெரிந்திருக்காது.

மாற்றிச் செய்வதானால்

இலைப் படத்துக்கு முன் குழிப் படம் கேட்பேன். அந்த வேலைக்கு ஒரு மண்வெட்டியும் அரை நாளும் போதும். எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது, நடுவில் அன்னபேதிக்குச் செலவும் ஆயிற்று.

கட்டிடம் கட்டும்போது மேல் மண் எங்கே போயிற்று என்று கேட்பேன். இது பவளத்தீவுக்கு மட்டும் இல்லை. காரைக்குடிப் பக்கம் மனை போடும் இடங்களிலும் புல்டோசர் முதலில் தள்ளுவது அந்த ஒரு சாணைத்தான். கீழே இருக்கும் சரளையில் மாங்கன்று வைத்துவிட்டு என்னிடம் வருபவர்கள் இன்றும் உண்டு.

தண்ணீர் அளவை ஒரு முறை எடுத்துவிட்டு முடிவு சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் ஒன்று, குறைந்தது ஒரு வாரம். இலை ஓரம் கருகுவதும் தளிர் வெளுப்பதும் ஒரே படத்தில் இருந்தால் அவை இரண்டு நோய். நான் ஒன்றாகப் பார்த்தேன்.

கழிவுத்தொட்டி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. ஜூலையில்தான் பேச்சுவாக்கில் தெரிந்தது, கிணற்றிலிருந்து பன்னிரண்டு மீட்டர். மணல் எல்லாவற்றையும் வடிகட்டி நிறுத்தாது. அன்று முதல் கீரைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி மழைத்தொட்டித் தண்ணீர் மட்டும் கொடுத்தார். அது வரை சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

பையன் ஒப்பந்தம் முடிந்து அடுத்த பிப்ரவரியில் ஊர் திரும்பினார். இப்போது அந்த ஐந்து பாத்தியையும் வங்கதேசத்துத் தொழிலாளர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். முடிச்சுக் கயிறும் நோட்டும் அவரிடம் இருக்கின்றன. போன மாதம் அவர் அனுப்பிய பக்கத்தில் காலை, மதியம், மாலை என்று மூன்று வரிசை. தலைப்பைப் பையன் தமிழில் எழுதியபடியே விட்டுவிட்டு, கீழே எண்களை மட்டும் அவர் தன் எழுத்தில் நிரப்பியிருக்கிறார்.